சல்பேட்டா, கீலேட்டா? மலையக மண்ணுக்கு எதை வாங்குவது

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பசளைக் கடைகளில் நுண்போசணை, அதாவது செடிக்குச் சிறிதளவே தேவைப்படும் இரும்பு, துத்தநாகம், போரன் போன்ற சத்து, இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, சிங்க் (துத்தநாக) சல்பேட், போராக்ஸ் போன்ற பழைய உப்புகள். மற்றது, 'கீலேட்' என்று அச்சடித்த பளபளப்பான பைக்கற். இரண்டாவதன் விலை பல மடங்கு. 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்து போன பிறகு மூட்டைப் பசளை எட்டாத விலைக்குப் போனதால், 'கொஞ்சம் போட்டால் போதும், அத்தனையும் செடிக்குள்ளே போகும்' என்ற பேச்சு நன்றாகவே எடுபடுகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் துண்டுக் காணியில் லீக்ஸும் கரட்டும் போடுகிறவர் கடன்பட்டு அதை வாங்குகிறார். அவருடைய மண்ணில் அது வேலை செய்யுமா என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். சில இடத்தில் கீலேட் கட்டாயம் வேண்டும். மலையகத்தின் பெரும்பாலான நிலத்துக்கு அது தேவையில்லாத செலவு.

காரணம் மண்ணில் இருக்கிறது. இரும்பு, துத்தநாகம், மங்கனீஸ், செம்பு ஆகியவை காரத்தன்மை கூடிய மண்ணில் கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். வேர் பக்கத்திலேயே இருந்தாலும் உறிஞ்ச முடியாது. ஈடிடிஏ போன்ற ஒரு சேதன மூலக்கூறு உலோக அயனைப் பல பக்கமும் பற்றிக்கொண்டு அப்படி உறையவிடாமல் காப்பதுதான் கீலேட். ஆக, உலோகத்தை உறையவைக்கும் மண்ணில்தான் அந்தக் காப்புக்குப் பெறுமதி. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மண் அப்படிப்பட்டது. அங்கே கீலேட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு அர்த்தம் உண்டு. நமது செம்மஞ்சள் பொட்சோலிக் மண் அமிலத்தன்மையானது. இங்கே இரும்பும் மங்கனீசும் தாமாகவே கரைந்து நிற்கும். மங்கனீஸ் அளவுக்கு மிஞ்சி நஞ்சாவதும் உண்டு. தேயிலை மலையில் இரும்புக் கீலேட் போடச் சொல்லி யாராவது வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.

தேயிலைக்கு நம் பக்கத்தில் அடிக்கடி குறைவது துத்தநாகம். இலை சிறுத்து, ஒடுங்கி, அரிவாள்போல வளையும். கணுவிடைகள் குறுகி, கொழுந்து கொத்தாக நின்றுவிடும். இதற்குத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருவது சிங்க் சல்பேட்டை இலையில் விசிறுவதைத்தான். தேயிலைக்கு ஏற்ற பீஎச் (மண்ணின் அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரை. அந்த அமில மண்ணில் ஈடிடிஏ சிங்க்கைக் கொட்டினால் என்ன நடக்கும்? ஈடிடிஏ துத்தநாகத்தைவிட இரும்பை மிக உறுதியாகப் பற்றும். மண்ணில் கரைந்திருக்கும் இரும்பு வந்து துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். துத்தநாகம் பழையபடி தனியாகக் கிடக்கும். அதைக் காப்பதற்காகக் கூடுதலாகக் கொடுத்த காசு ஏற்கெனவே நிறைய இருக்கும் இரும்புக்குப் போய்ச் சேரும். தள்ளப்படாமல் மிஞ்சிய கீலேட்டும் மறை ஏற்றம் கொண்டது என்பதால் களித்துணிக்கைகளில் அவ்வளவாக ஒட்டாது. மே மாதத்தில் தென்மேல் பருவமழை இறங்கும் ஹட்டன், லிந்துலைச் சரிவுகளில் அது கீழே கசிந்துபோக வாய்ப்பு அதிகம்.

இலையில் விசிறும்போது இந்தச் சிக்கல் இல்லை. அங்கே போட்டி கொஞ்சம் நியாயமானது. கீலேட்டின் உண்மையான பலம், இலையைச் சுடாமல் இருப்பது. சல்பேட் கரைசல் கடுமையாகிவிட்டாலோ வெயில் ஏறிய பிறகு அடித்தாலோ இளந்தளிரின் ஓரம் கருகும். லெட்டஸ் போன்ற மெல்லிய இலைக்கு இந்தப் பயம் சரியானதே. ஆனால் 'குறைந்த அளவு போதும்' என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண சிங்க் சல்பேட்டில், அதாவது ஹெப்டாஹைட்ரேட்டில், துத்தநாகம் ஏறத்தாழ 22 சதவீதம். ஈடிடிஏ சிங்க்கில் பெரும்பாலும் 12 சதவீதம். மரக்கறிக்கு லீற்றருக்கு 5 கிராம் சல்பேட்டும், சூட்டைத் தணிக்க 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலப்பது வழக்கமான அளவு. 16 லீற்றர் தாங்கிக்கு 80 கிராம் சல்பேட். அதில் துத்தநாகம் 17 கிராமுக்கு மேல். கீலேட்டை லீற்றருக்கு 1 கிராம் வீதம் போட்டால் அதே தாங்கிக்குள் போவது 2 கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்பு சேர்வதால் சல்பேட்டில் ஒரு பங்கு படிந்துபோகும்தான். ஆனாலும் 2 கிராம் 17 கிராமின் வேலையைச் செய்யும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. விலை பார்க்கும்போது பைக்கற்றின் விலையைப் பார்க்காதீர்கள்; உள்ளே இருக்கும் துத்தநாகத்தின் ஒரு கிராமுக்கு எத்தனை ரூபா என்று பாருங்கள். சதவீதத்தை அச்சிடாத பைக்கற்றைக் கையால் தொட வேண்டாம்.

இனி மரக்கறித் தோட்டம். கந்தப்பளை, மெறாயா, வெலிமடைப் பக்கத்து நிலங்களின் கதை தேயிலையின் கதை அல்ல. போகத்துக்குப் போகம் கோழி எருவும், உருளைக்கிழங்குக்கென்று பொஸ்பரஸ் பசளையும், அமிலத்தைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பும் கொட்டிய மண் அது. பொஸ்பரஸ் மிதமிஞ்சினால் துத்தநாகம் செடிக்குக் கிடைப்பது குறையும்; டொலமைட் கூடிப்போய் பீஎச் 6.5ஐத் தாண்டினால் இன்னும் இறுகும். அப்படிப்பட்ட பாத்தியில் சிங்க் கீலேட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மண்ணுக்கு முதல் மருந்து, கொட்டுவதை நிறுத்துவது. கோழி எருவிலேயே தீவனத்தின் வழியாக வந்த துத்தநாகம் இருக்கிறது. மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துப் போடுவது கடனைத்தான் கூட்டும். விவசாயத் திணைக்களத்தின் சீதா எலிய, பண்டாரவளை நிலையங்கள் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மண் சோதனைக்கு வழி கேட்டுக்கொள்ளலாம்.

போரன் விஷயத்தில் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். ஈடிடிஏ பற்றிக்கொள்வது நேர் ஏற்றம் கொண்ட உலோகங்களை. போரன் உலோகம் அல்ல. மண்கரைசலில் ஏற்றமில்லாத போரிக் அமிலமாக நிற்கிறது. 'ஈடிடிஏ போரன்' என்று எழுதி விற்றால் அந்தப் பெயருக்குப் பொருளே இல்லை. கோலிபிளவரின் தண்டு உள்ளே பொள்ளலாகிப் பூ பழுப்பதற்கும், பீட்ரூட்டின் உள்ளே கறுப்பு விழுவதற்கும் 11 சதவீதம் போரன் கொண்ட போராக்ஸோ, இலையில் அடிக்க எளிதாகக் கரையும் 20 சதவீத வகையோ போதும். ஒரு எச்சரிக்கை: போரனில் குறைவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகச் சிறியது. பீட்ரூட்டுக்குத் தாராளமாகப் போட்ட பாத்தியில் அடுத்த போகம் போஞ்சி நட்டால் இலையோரம் எரிந்துபோகும். கோலிபிளவர் இலை சவுக்குப்போல ஒடுங்கினால் அது மொலிப்டினக் குறை. பெரும்பாலும் டொலமைட் போட்டு அமிலத்தைக் குறைத்தாலே சரியாகிவிடும்.

கீலேட் மறுபேச்சில்லாமல் வெல்லும் இடம் பொலித்தீன் கூடாரம். குடைமிளகாய், ஸ்ட்ரோபெரி, லெட்டஸ் என்று சொட்டுநீரிலும் தென்னந்தும்புப் பைகளிலும் வளர்ப்பவர்கள் இரும்புக்குச் சல்பேட்டை நம்பக் கூடாது. கரைசலில் இரும்பு ஒட்சியேறி, பொஸ்பேற்றோடு சேர்ந்து படிந்து, சொட்டுவாயையும் அடைத்துவிடும். தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்போதுதான் தெரியவரும். இங்கே ஈடிடிஏ இரும்பு பீஎச் 6 வரை நன்றாக நிற்கும். கரைசல் 7ஐ நெருங்கினால், இரும்பை இன்னும் உறுதியாகப் பற்றும் டிடிபிஏ என்ற மூலக்கூறு கொண்ட கீலேட் வேண்டும். அதற்கும் மேலான ஈடிடிஎச்ஏ சுண்ணாம்பு மண்ணுக்கான பொருள்; நம் கூடாரத்தில் 5.5க்கும் 6.5க்கும் இடையில் வைத்திருப்பவருக்கு அந்த விலை தேவையில்லை. வெளிச்சம் பட்டால் இரும்புக் கீலேட் சிதையும் என்பதால் கரைசல் தாங்கி ஒளி புகாததாக இருக்க வேண்டும். கல்சியம் நைத்திரேற்றைச் சல்பேட், பொஸ்பேற்றோடு ஒரே செறிகரைசலில் கலக்காமல் வேறு தாங்கியில் வைக்க வேண்டும்.

அமினோ அமிலக் கீலேட் என்று இன்னொரு வகையும் வருகிறது. ஈடிடிஏ மண்ணில் மெதுவாகத்தான் சிதையும், இது விரைவாகச் சிதைந்துவிடும் என்பது அதன் பக்கத்து நல்ல வாதம். பிடி தளர்வானது என்பது எதிர்வாதம். இலையில் அடிக்க மட்டும் பாவிக்கலாம், மண்ணுக்கு வேண்டாம். கையில் மாட்டெரு இருப்பவர் ஒன்றை நினைவில் வைக்கலாம்: நன்றாக மக்கிய எருவில் உண்டாகும் ஹியூமிக் சேர்மங்களும் உலோகங்களைப் பற்றிவைக்கக் கூடியவை. ஈடிடிஏ அளவுக்கு உறுதி இல்லை. ஆனால் மண்ணின் பிடிப்பும் சேர்ந்து கூடுவதால், மழையில் சத்து கழுவிப்போவதும் குறையும்.