அடி இறக்கம்: பயிற்சியா, வளையமா, ஆபரேஷனா?

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பெண்ணுக்கு அடி இறங்கிவிட்டது, அதாவது கர்ப்பப்பை பிடிமானம் தளர்ந்து பிறப்புறுப்பு வழியாகக் கீழே சரிந்துவிட்டது என்றால், "கர்ப்பப்பையை எடுத்துடு, தொல்லை விட்டது" என்றுதான் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக யோசிக்க வேண்டியது.

இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறதா? அப்போது முதலில் பயிற்சி. லேசான இறக்கத்துக்கும் இது உதவும். சிறுநீரையும் காற்றையும் சேர்த்து அடக்குவதுபோல், கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் அடித்தசையை உள்ளிழுத்துச் சில நொடி பிடித்து விட வேண்டும். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். பலர் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கிக் கீழே முக்குகிறார்கள், அது இறக்கத்தைக் கூட்டும், அதனால் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு தடவையாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வெளியே வந்துவிட்ட கர்ப்பப்பையைப் பயிற்சி உள்ளே ஏற்றாது.

வளையத்தைப் பற்றித்தான் நம் பெண்களிடம் யாரும் விளக்கமாகப் பேசுவதில்லை, எனக்கு ஆதங்கம் அங்கேதான். பெஸரி என்பார்கள். சிலிக்கானில் செய்தது, அளவு பார்த்துப் பிறப்புறுப்புக்குள் பொருத்துவார்கள், இறங்கியதை அது தாங்கிப் பிடிக்கும், வெட்டோ மயக்க மருந்தோ கிடையாது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம். இதய நோய், சர்க்கரை என்று ஆபரேஷனுக்குத் தயங்குபவர்கள், இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள், மீன் கூடையை இறக்கி வைத்தால் அன்றைய வருமானம் போய்விடும் என்பவர்கள், இவர்களுக்கெல்லாம் இது நல்ல வழி. சிலருக்கு நழுவி விழும், வேறு அளவு பார்க்க வேண்டிவரும். சில மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவிப் பரிசோதிப்பது கட்டாயம், மறந்து விட்டுவிட்டால் உள்ளே புண்ணாகிவிடும்.

அப்புறம் ஆபரேஷன். முழுதாக வெளியே வந்து, நடக்கவும் உட்காரவும் விடாமல் உரசுகிறது, வளையமும் நிற்கவில்லை என்றால் தயங்காதீர்கள். ஆனால் கர்ப்பப்பையை எடுத்தால் மட்டும் போதாது. பிறப்புறுப்பின் மேல்முனையைத் தசைநாரோடு சேர்த்துத் தைத்துத் தாங்கல் கொடுக்காவிட்டால் பிறகு அதுவே சரிந்து வரலாம். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே மேலே தூக்கித் தைக்கும் முறைகளும் உண்டு, கேளுங்கள். முன்பு தெரியாத சிறுநீர்க் கசிவு ஆபரேஷனுக்குப் பிறகு தலைகாட்டலாம், இதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தாங்கலுக்குச் செயற்கை வலை (மெஷ்) வைக்கலாம் என்று சொன்னால், எந்த வழியாக என்று கேளுங்கள்: பிறப்புறுப்பு வழியாக இறக்கத்துக்கு வைக்கும் வலையின் விற்பனையை அமெரிக்கா 2019-இல் நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஆபரேஷனுக்குப் பின் சுமார் 6 வாரம் குடம் தூக்கக் கூடாது, அடிபம்பு அடிக்கக் கூடாது. அந்த 6 வாரமும் தண்ணீர் யார் பிடிப்பது என்று வீட்டில் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். தீராத இருமல், மலச்சிக்கல் இருந்தால் அதற்கும் வைத்தியம் பாருங்கள், இல்லாவிட்டால் எந்தச் சிகிச்சையும் நிலைக்காது.

ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. அங்கே போனால் "எனக்கு வளையம் சரிப்படுமா?" என்று நீங்களே கேளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ நாள் கடத்த வேண்டாம்.