'ட்ரெக்' எங்கிருந்து வந்தது? ஒரு சொற்பிறப்பு அகராதிச் செயலி பற்றி

ட்ரெக்கிங் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், ஆனால் அந்தச் சொல்லின் வேர் மாட்டுவண்டியில் இருக்கிறது என்பது இந்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிச் செயலியைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டச்சு மொழியில் 'ட்ரெக்கன்' என்றால் இழுப்பது. தென்னாப்பிரிக்காவில், டச்சிலிருந்து பிறந்த ஆஃப்ரிகான்ஸ் மொழி வழியாக வண்டிப் பயணத்தைக் குறித்து, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

எனக்குப் பிடித்தது அதோடு வரும் வரலாற்றுக் குறிப்பு. 1830களில் பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காமல், 1834இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் ஒரு காரணமாக, ஆயிரக்கணக்கான போயர்கள் (டச்சு வழிவந்த விவசாயிகள்) தென்னாப்பிரிக்காவின் தென்முனையில் இருந்த கேப் காலனியை விட்டுக் குடும்பத்தோடு வண்டி கட்டிக் கிளம்பினார்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலைச்சரிவில் இறங்கும்போது பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மரக்கட்டைகளைக் கட்டி, வண்டி தலைகுப்புறப் பாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். இழுப்பது என்ற பொருள் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவர்கள் போன நிலத்தில் ஏற்கெனவே ஜூலு, ந்டெபெலே, சோத்தோ மக்கள் வாழ்ந்தார்கள், அந்த நிலத்துக்காக ரத்தம் சிந்தியது என்பதைச் செயலி ஒரு வரிகூடச் சொல்லாதது பெரிய குறை.

மற்றபடி தேடல் வேகமாக இருக்கிறது, விளம்பரத் தொல்லை இல்லை. உச்சரிப்பு ஒலி மட்டும் கிடையாது, சரி, பொறுத்துக்கொள்ளலாம். 5க்கு 4 கொடுக்கிறேன்.