டார்ட்மூர் நீள்வீடா, காட்ஸ்வோல்ட் பண்ணை வீடா?

இங்கிலாந்தின் பழைய கல் பண்ணை வீடுகளில் அழகு என்று பார்த்தால் காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதி வீடுகள்தான். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர், செங்குத்தான கூரை. கல் ஓடுகளில் பெரியவை கீழ் விளிம்பில், மேலே போகப் போகச் சிறியவை. ஓடு செய்ய, ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் அந்தக் காலத்தில் கல்லை நனைத்துக் குளிர்காலம் முழுக்க வெளியே போட்டுவைத்தார்கள். உறைபனியே அதைப் பிளந்து கொடுத்துவிட்டது.

குடியிருக்க அது சரி. என் ஓட்டு என்னவோ தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்து நீள்வீட்டுக்குத்தான். முரட்டுக் கிரானைட் சுவர், சின்னச் சின்ன ஜன்னல், ஒரே கூரைக்கடியில் ஆளும் மாடும். இருவருக்கும் பெரும்பாலும் ஒரே வாசல்! சரிவின் மேல்பக்கம் குடும்பம், கீழ்ப்பக்கம் தொழுவம். இடம் மாற்றிக் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். தொழுவத்தின் நடுவே ஓடும் வடிகால், கழிவைச் சுவரின் துளை வழியே வெளியே தள்ளும். 14ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய, டார்ட்மூரின் ஹையர் அப்பக்காட் என்ற நீள்வீட்டில் அந்தத் தொழுவம் இன்றும் பெரிதாக மாறவில்லை.