காபா மாத்திரையோடு எட்டு மாதம், முளைகட்டிய அரிசியோடு இரண்டு வருஷம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை காலையில் கிண்டி ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறும்போதே நெஞ்சு அடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கை வேர்த்து, பிடித்திருந்த கம்பி வழுக்கியது. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. "டென்ஷன்தான், ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்தில் அக்கவுண்ட்ஸில் இருப்பவளுக்கு ரெஸ்ட் எங்கே கிடைக்கும்? அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு முறையாவது அதே படபடப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பால்காரர் வரும்வரை தூக்கம் கிடையாது.

எங்கள் ஆபீஸ் அக்கா ஒருவர்தான் காபா மாத்திரையைப் பற்றிச் சொன்னார். பெயரை முழுதாகச் சொன்னால் காமா அமினோ பியூட்ரிக் அமிலம். மூளையில் அது இருக்கிறது என்று 1950இல் கண்டுபிடித்தார்கள். மூளையில் இருக்கும் குளூட்டமேட் என்ற இன்னொரு பொருள் நரம்பு செல்களைத் தூண்டிவிடும், காபா அவற்றை அமைதிப்படுத்தும். இதில் ஆச்சரியம், அந்தக் குளூட்டமேட்டிலிருந்துதான் மூளை காபாவையே செய்துகொள்கிறது. அதற்கு ஒரு நொதி வேண்டும், அந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி6 வேண்டும்.

ஆன்லைனில் வெளிநாட்டு பாட்டில் ஒன்றை வாங்கினேன். தினம் இரண்டு கேப்சூல். முதல் வாரம் நன்றாகத் தூங்கினேன், அதை மறுக்க மாட்டேன். இரண்டாவது மாதத்திலிருந்து பழையபடி இரண்டு மணி விழிப்பு. ஆனாலும் நிறுத்தப் பயம். நிறுத்தினால் இன்னும் மோசமாகிவிடுமோ என்று எட்டு மாதம் ஓட்டினேன்.

ஏழாவது மாதத்தில்தான் கால் ஆரம்பித்தது. முதலில் விரல் நுனியில் ஊசி குத்துவது போல. அப்புறம் பாதம் முழுக்க மரத்து, வெறுங்காலோடு வீட்டுத் தரையில் நடந்தால் கடற்கரை மணலில் நடக்கிற மாதிரி இருந்தது. சர்க்கரை நோயோ என்று பயந்து பரிசோதித்தேன், இல்லை. நரம்பு டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்னென்ன சாப்பிடறீங்களோ, எல்லா அட்டையும் பாட்டிலும் எடுத்துட்டு வாங்கம்மா."

பாட்டிலைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்தின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு கேப்சூலிலும் பி6 50 மில்லிகிராம். இரண்டுக்கு 100. போதாததற்கு நானாகவே ஒரு பி காம்ப்ளெக்ஸும் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 2 மில்லிகிராம்தான். மாதக்கணக்கில் இவ்வளவு போனால் பி6 நரம்பையே பாதிக்கும். குறைந்தாலும் கால் மரக்கும், மிஞ்சினாலும் கால் மரக்கும். மருந்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அளவைப் பார்க்காமல் விட்டது என் தப்பு. பாட்டில் வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள், தயவுசெய்து.

பி6 குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு டின் பால் குடித்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. தயாரிக்கும்போது ஏற்றிய சூட்டில் பாலில் இருந்த பி6 அழிந்துபோயிருந்தது. பி6 கொடுத்ததும் வலிப்பு நின்றது. காபா குறைந்தால் மூளையை அடக்க ஆளில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை. இதைப் படித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. காசநோய்க்கு அவர் மருந்து சாப்பிட்ட காலத்தில் கூடவே ஒரு குட்டி மாத்திரை கொடுப்பார்கள். ஐசோனியசிட் என்ற மருந்து உடம்பில் பி6ஐக் குறைத்துவிடும், அதை ஈடுகட்டத்தான் அந்த மாத்திரை. அது ஏதோ சத்து மாத்திரை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நரம்பு டாக்டரைப் பார்த்த பிறகு மனநல டாக்டரிடம் போனேன். வாயால் விழுங்கும் காபா, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே போவது மிகக் குறைவு என்று அவர்தான் சொன்னார். நரம்பு செல்லில் காபா வந்து ஒட்டுகிற இடங்களான காபா ஏற்பிகளின் மேல் நேரடியாக வேலை செய்கிற தூக்க மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் பழகிவிட்டால் விடுவது கஷ்டம், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எனக்கு இரண்டே வாரத்துக்கு எழுதிக்கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். பதற்றத்துக்கு வேறொரு மாத்திரையும் வாராவாரம் கவுன்சலிங்கும் தொடங்கின. நான் தேறியதில் பெரும் பங்கு இவை இரண்டுக்கும்தான்.

சரி, சாப்பாடு? அதையும் மாற்றினேன். நெல் முளைவிடும்போது அதில் காபா கூடும். ஜப்பானில் முளைகட்டிய அரிசியை அதற்காகவே விற்கிறார்கள். நான் கைக்குத்தல் அரிசியை வாங்கி, 12 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, ஈரத்துணியில் ஒரு நாள் மூடி வைக்கிறேன். நுனியில் வெள்ளைப் புள்ளி எட்டிப்பார்த்தால் போதும், வாலாக நீளவிடக் கூடாது. சென்னை வெயிலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றாவிட்டால் புளித்த வாடை வந்துவிடும். மே மாதத்தில் இரண்டு தடவை மொத்தத்தையும் கொட்ட வேண்டியிருந்தது. பட்டை தீட்டிய அரிசி முளைக்காது, குருணையும் முளைக்காது. குக்கரில் ஆறு விசில் விட்டு, மோர் ஊற்றிக் கஞ்சியாகக் குடிக்கிறேன், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

இந்தக் கஞ்சியில் இருக்கிற காபாவால் என் மனசு அமைதியானது என்று சொன்னால் பொய். அதுவும் கேப்சூல் போன அதே வயிற்று வழியாகத்தான் போகிறது. குடல் பாக்டீரியா பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. 2011இல் எலிகளுக்கு ஒரு வகை பாக்டீரியாவைக் கொடுத்தபோது மூளையின் காபா ஏற்பிகள் மாறின. வயிற்றுக்கும் மூளைக்கும் போகும் நரம்பை வெட்டியதும் அந்த மாற்றத்தைக் காணோம். ஆனால் அதே பாக்டீரியாவை 2017இல் மனிதர்களிடம் சோதித்தபோது மன அழுத்தம் குறையவில்லை.

எனக்குக் கிடைத்த பலன் வேறு. அதுவரை காலையில் டிகிரி காபி மட்டும்தான், சாப்பாடு பதினொரு மணிக்குக் கேண்டீனில். வெறும் வயிற்றில் இரண்டாவது காபி இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்து, "வந்துடுச்சு" என்று நானே பயந்து பெரிதாக்கிக்கொள்வேன். ஏழரை மணிக்குக் கஞ்சி உள்ளே போன பிறகு அது நின்றது. நாலு மணிக்கு மேல் காபி இல்லை. பி6க்கு வாழைப்பழம், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, வாரம் இரண்டு நாள் மீன் என்று சாப்பாட்டிலிருந்தே கிடைக்கிறது. இதற்கு மேல் மாத்திரை தேவையில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

டாக்டரைப் பார்க்கத் தயங்குகிறவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. எனக்கு அப்போது அது தெரியாது.

பி6ஐ நிறுத்தி ஓராண்டு ஆன பிறகுதான் பாதம் தெளிந்தது. இடது கால் சுண்டுவிரலில் மட்டும் மரப்பு மிச்சம் இருக்கிறது, மழைக்காலத்தில் ஈரத்தரையில் கால் வைத்தால் தெரியும். போன மாதம் மனநல டாக்டர் பதற்ற மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். மறுபடி வரச் சொல்லியிருப்பது தீபாவளி முடிந்து.