தையலா, தையல் இல்லாமலா? விழித்திரை ஒப்பரேஷனும் கண் அமுக்கம் விழுவதும்

தம்பிக்கு வயது 24. கண்ணாடி மைனஸ் எட்டு. கிரிக்கெட் பந்து பட்டுக் கண்ணுக்குள் கசிந்த இரத்தம் கரையாமல் நின்றதால் விட்ரெக்டமி, அதாவது வெள்விழியில் துளை போட்டுக் கண்ணுக்குள் இருக்கும் ஜெலியை எடுக்கும் ஒப்பரேஷன், செய்ய வேண்டி வந்தது. "தையலே இல்லை" என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் வெள்ளவத்தை வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் காலை கட்டவிழ்த்துப் பார்த்தால் அமுக்கம் 4. சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசம் வரை இருக்கும். 5க்கு வந்துவிட்டாலே குறைவுதான். வெள்விழியில் துளை போட்ட இடத்துக்கு மேல் சவ்வு சின்ன நீர்க்கொப்புளம் போல உப்பியிருந்தது. கண்ணுக்குள் விட்ட திரவம் கசிந்து அங்கே தேங்கியிருந்தது.

கேஜ் என்பது கருவியின் தடிப்பைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூடக் கருவி மெலியும். பழைய 20 கேஜ் முறையில் துளை ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றர். தைத்தே ஆகவேண்டும். பிறகு வந்த 23 கேஜ் சுமார் 0.6, 25 கேஜ் 0.5, 27 கேஜ் 0.4. சாய்வாகக் குத்தினால் துளையின் இரண்டு உதடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தானாக மூடிக்கொள்ளும். தையல் போட்டால் கரையும் நூல் சில வாரம் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், கண் சிவக்கும். தையலில்லாத முறைக்கு மவுசு வந்தது சும்மா இல்லை.

ஆனால் எல்லாக் கண்ணும் ஒன்றல்ல. இளவயதில் வெள்விழி இழுபடும் தன்மையோடு இருப்பதால் துளை இறுக மூடாது. கடும் குறும்பார்வையில் அது மெலிந்திருக்கும். முன்பே ஒப்பரேஷன் செய்த கண்ணிலும், ஓரம்வரை ஜெலியைச் சுரண்டி எடுத்த கண்ணிலும் துளையை உள்ளிருந்து அடைக்க ஒன்றும் மிஞ்சாது. தம்பிக்கு முதல் இரண்டும் இருந்தன. இப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு தையல் போடுவதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். சில நாள் உறுத்தலைத் தாங்கலாம். அமுக்கம் விழுந்தே கிடந்தால் விழித்திரையின் நடுப்பகுதி சுருங்கி மடிப்பு விழலாம், திறந்த துளையால் கிருமியும் போகலாம்.

அப்புறம், கண்ணுக்குள் எதை நிரப்புகிறார்கள் என்பது. தம்பிக்கு விட்டது உப்புநீர். அது ஒழுகும். காற்றோ வாயுவோ விட்டால் குமிழி உள்ளிருந்தே துளையை அடைத்துப் பிடிக்கும், ஆகவே அமுக்கம் விழுவது குறைவு. அதற்காக எல்லோருக்கும் வாயு விடவும் முடியாது. எங்கள் சின்னம்மா நுவரெலியாவிலிருந்து வந்து, விழித்திரை கழன்றதற்குக் கொழும்பில் வாயு வைத்து ஒப்பரேஷன் செய்துகொண்டார். மூன்றாம் நாளே, "பிள்ளை, நான் வீட்டுக்குப் போறன்" என்று பையைக் கட்டிவிட்டார். கடல்மட்டத்தில் அடைத்த குமிழி, 1,800 மீற்றருக்கு மேலிருக்கும் நுவரெலியாவுக்கு ஏறினால் விரியும். அமுக்கம் தாறுமாறாகக் கூடிப் பார்வையே போய்விடலாம். விமானப் பயணத்துக்கும் இதே தடைதான். எஸ்எஃப்6 வாயு கரைய இரண்டு வாரமளவில் ஆகும், சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம்வரை போகும். சின்னம்மா குமிழி முழுதும் கரையும்வரை எங்களோடுதான் இருந்தார்.

சில கண்களில் வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கன் எண்ணெய் நிரப்புவார்கள். அதன் கதை வேறு. நாட்பட்டுக் கழன்ற, வடுக் கட்டிய விழித்திரை என்றால் கண்ணீர்ச் சுரப்பி அல்ல, கண்ணுக்குள்ளேயே நீர் சுரக்கும் பகுதி நலிந்துபோயிருக்கலாம். அங்கே அமுக்கம் விழுவது கசிவால் அல்ல, சுரப்பு இல்லாததால்; எத்தனை தையல் போட்டாலும் பயனில்லை. எண்ணெய் கண்ணின் உருவத்தைத் தாங்கி நிற்கும். அதை எடுத்ததும் அமுக்கம் சரியக்கூடும் என்பதால் சில கண்களில் எடுக்காமலே விடுகிறார்கள்.

தையலில்லாத கண்களில் வரும் குறைவு பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சீராகும். தம்பிக்குச் சீராகவில்லை. மூன்றாம் நாள் ஒரு தையல் போட்டார்கள், மறுநாள் அமுக்கம் 11. அந்த மூன்று நாளும் கண்ணைக் கசக்கவிடாமல் பக்கத்திலேயே இருந்தோம். இந்த நாட்களில் வலி கூடினாலோ, பார்வை முந்தின நாளைவிட மங்கினாலோ, காலைக் கிளினிக் வரை பொறுக்காமல் அந்த இரவே கண் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.