‘ரிப்பேர்’ ஆன கூரையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும்: மதுரையில் ஓர் ஆங்கில வகுப்பு

மதுரையில் இருந்துகொண்டு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மராமத்து வேலை எடுத்துச் செய்யும் எனக்கு, வேலையைவிட அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவதுதான் பெரும்பாடு. வீட்டுக்காரர்களில் பலர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். கொட்டேஷன் முதல் கணக்கு வரை எல்லாம் மின்னஞ்சலில்தான். சென்ற ஆண்டு மழைக்குப் பிறகு, உள்முற்றத்தைச் சுற்றிய வளவின் மேற்குப் பக்க ஓட்டுக்கூரை ரிப்பேர் ஆகிவிட்டது என்று நாம் பேசுவதை அப்படியே ஆங்கிலமாக்கி ஒருவருக்கு அனுப்பினேன். அவர் நன்றி சொல்லி, செலவு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டு எழுதினார். இங்கே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அங்கே அவர் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சங்கடம்தான் பைபாஸ் சாலையில் மூன்றாம் மாடியில் நடக்கும், தொழில் செய்வோருக்கான ஆங்கில வகுப்பில் என்னைச் சேர்த்தது. எட்டு ஞாயிறு, காலை 10 மணி முதல் 1 மணி வரை, கட்டணம் 4,000 ரூபாய். எட்டில் இரண்டு வகுப்புகள் பழையதைச் சரிசெய்வதையும் திரும்பக் கட்டுவதையும் குறிக்கும் வினைச்சொற்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. நான் போனதே அவற்றுக்காக என்பதால், அந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆசிரியர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். முதல் நாளிலேயே என் பிழைக்கு விடை கிடைத்தது. தமிழில் ‘வண்டி ரிப்பேர்’ என்றால் வண்டி ஓடவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் ‘ரிப்பேர்’ என்பது பழுதைக் குறிப்பதில்லை, பழுதை நீக்கும் செயலைக் குறிக்கிறது. சொல் ஒன்றாகவே இருந்து பொருள் எதிராகத் திரும்பிவிட்டதை இத்தனை காலம் கவனிக்காமல் இருந்ததற்காக வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அவருடைய முறை எளிமையானது. எந்த வினைச்சொல்லை எழுதுவதற்கு முன்பும், வேலை முடியும்போது என்ன நிற்கும், என்ன போகும் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். பழைய நிலைக்கே கொண்டுபோய் நிறுத்துவது ‘ரெஸ்டோர்’. புதிது போல ஆக்குவது ‘ரெனவேட்’. அதன் நடுவில் இருக்கும் லத்தீன் ‘நோவுஸ்’, நம் ‘நவீனம்’ என்பதில் உள்ள ‘நவ’ என்னும் வடசொல்லுக்கு உறவு. இதைக் கேட்டதும் எனக்கு வேறொரு பழைய கடிதம் நினைவுக்கு வந்தது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை ஒன்றுகூடப் பெயர்க்காமல், விரிசல் கண்ட சுண்ணாம்புப் பூச்சை மட்டும் அதே பூச்சால் சரிசெய்யப் போகிற வேலைக்கு நான் ‘ரெனவேட்’ என்று எழுத, வீட்டு ஆச்சியின் பேரன் பதறிப்போய், தரையில் டைல்ஸ் ஒட்டப் போகிறீர்களா என்று போனில் கேட்டார். தமிழில் இரண்டையும் புதுப்பித்தல் என்றே சொல்லிவிடுகிறோம். கொட்டேஷனில் அப்படி நழுவ முடியாது.

இரண்டாம் வகுப்பு திருமலை நாயக்கர் மகாலில் நடந்தது. இந்தப் படிப்பிலேயே மிகச் சிறந்த மூன்று மணி நேரம் அதுதான். 1636இல் கட்டப்பட்ட அரண்மனையின் பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதையும், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு எஞ்சியதைச் சீர்செய்ய வைத்ததையும் சொல்லிவிட்டு, சுதைத் தூண் ஒன்றைத் தொட்டுக் காட்டி, நேப்பியர் செய்ததற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்டார். நின்றதைக் காப்பாற்றியதால் ‘ரெஸ்டோர்’ என்றோம். 2018 பிப்ரவரி 2 அன்று தீயில் சிதைந்த மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக்கு அது போதாது. புதுக் கல்லில் தூண் செதுக்கி எழுப்புவதற்கு ‘ரீகன்ஸ்ட்ரக்ட்’ வேண்டும் என்றார். ‘ரீபில்ட்’ என்றாலும் பிழையில்லை, ஆனால் முந்தைய வடிவத்தை ஆராய்ந்து அப்படியே எழுப்பும் பொருள் முன்னதில்தான் அழுத்தமாக இருக்கிறது. எங்களோடு வந்திருந்த பஸ் பட்டறைக்காரர், “இன்ஜினை இறக்கி முழுசாப் பிரிச்சு மாட்டுனா அதுக்கு என்னங்க சார்?” என்றார். “அது ஓவர்ஹால்” என்று பதில் வந்ததும், பில்லில் இருபது வருடமாக ‘ரெனவேஷன்’ என்று எழுதியதாக அவர் ஒப்புக்கொண்டார்.

‘ரிஃபர்பிஷ்’ என்பதில் மெருகேற்றுதல் என்னும் பொருள் உறைந்திருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் விற்கும் பழைய செல்போன் வெறும் செகண்ட் ஹேண்டா, சோதித்துப் பாகம் மாற்றியதா என்பது அந்த ஒரு சொல்லில் அடங்கும். பழையதை மாற்றிச் சீராக்குவதைச் சொல்லும் ‘ரீவேம்ப்’ செருப்புத் தைப்பவரின் சொல். காலணியின் முன்புற மேல்தோலுக்கு ‘வேம்ப்’ என்று பெயர். ‘ரெஸ்டாரண்ட்’டும் ‘ரெஸ்டோர்’ பிறந்த வேரிலிருந்தே வந்தது, உடம்பைத் தேற்றும் சூப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் வைத்த பெயர் அது என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. பிறகு நானே அகராதியில் கண்டேன்.

இலக்கணத்தில் ஒரு குறிப்பு பயன்பட்டது. ‘நாங்கள் ரெனவேட் செய்கிறோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதலாம், கட்டடத்தை எழுவாயாக்கினால் செயப்பாட்டு வினையில்தான் எழுத வேண்டும். கட்டடம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை.

குறைகளும் உண்டு. ‘ரிஹாபிலிடேட்’ என்ற சொல்லை ஒரே நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். விபத்தில் அடிபட்டவருக்குத் தரும் மறுவாழ்வுக்கு மட்டும் உரியது போல அது சொல்லப்பட்டது. கண்மாய்க் கரையையும் மடையையும் சீரமைக்கும் அரசு டெண்டர்களில் அதே சொல் வருகிறது, வகுப்பில் ஒப்பந்தக்காரர்களே நால்வர் இருந்தோம். கொடுத்த அச்சுப்பிரதியோ இன்னும் மோசம்: பத்துச் சொற்களுக்கும் எதிரே ‘புதுப்பித்தல்’ என்றே அச்சாகியிருந்தது, ஆசிரியர் இரண்டு நாள் பாடுபட்டுப் பிரித்ததை அந்தத் தாள் மறுபடி ஒன்றாகக் குழைத்துவிட்டது. நாங்கள் எழுதிக் கொடுத்த மாதிரிக் கடிதங்களைத் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். என்னுடையது திரும்பவே இல்லை. மூன்று மாடிக்கும் லிஃப்ட் கிடையாது.

தேர்வுக்காகச் சொற்களை மனப்பாடம் செய்ய விரும்புவோருக்கு இந்த வகுப்பு உதவாது. கொட்டேஷன் எழுதுகிற மேஸ்திரிக்கும், மகாலில் வெளிநாட்டவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன், ஆனால் 4,000 ரூபாய்க்கு அல்ல. இந்த இரண்டு வகுப்புகளை மட்டும் தனியாக 1,000 ரூபாய்க்கு நடத்துவார்களா, என் ஆட்கள் இருவரை அனுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.