கரி இல்லாத கரி எஞ்சின்: நிஜ நீராவியில் ஓடும் ஒரு மாதிரி ரயில்

ஒலிபெருக்கி வழியாகக் 'குப் குப்' என்று சத்தம் எழுப்பும் மின்சார மாதிரி ரயில்களோடு பல ஆண்டுகள் காலம் தள்ளிய நான், தண்ணீரை உண்மையிலேயே கொதிக்கவைத்து ஓடும் எஞ்சின் ஒன்றை வாங்கி ஆறு மாதங்களாகின்றன. 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்துக்காக, அசலில் 32-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட இந்த எஞ்சினைக் கையில் எடுத்தவுடனேயே, பித்தளையும் செம்பும் எஃகுமாக அது கனக்கும் கனம், இது பொம்மை இல்லை என்று சொல்லிவிடுகிறது.

பொத்தானை அழுத்தினால் ஓடிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. கொதிகலனில் காய்ச்சி வடித்த நீரை அளந்து ஊற்றி, இணைப்புத் தண்டுகளின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எரிவாயு நிரப்பிப் புகைபோக்கியின் வாயில் தீயைக் காட்டினால், சுடர் 'பப்' என்று உள்ளே பாய்ந்து கொதிகலனின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீராவி அழுத்தத்தைக் காட்டும் முள் மெல்ல மேலேறும்வரை பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அசல் எஞ்சின்களைச் சூடேற்றப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதை நினைத்தால் இந்தக் காத்திருப்பு ஒன்றுமேயில்லை. முதல் முறை அவசரப்பட்டு வால்வைத் திறந்தேன். குளிர்ந்திருந்த சிலிண்டரில் நீராவி மறுபடி தண்ணீராகி, புகைபோக்கி வழியாக எண்ணெய் கலந்து என் சட்டையின் மேல் தெறித்தது. கையால் முன்னும் பின்னும் நான்கு தடவை உருட்டிக் கொடுத்த பிறகுதான் சக்கரம் தானாகச் சுழன்றது.

அந்தச் சத்தத்துக்காகவே இதை வாங்கலாம். இருபுறமும் உள்ள சிலிண்டர்களின் தண்டுகள் ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி அமைந்திருப்பதால், சக்கரம் ஒருமுறை சுற்றும்போது நான்கு முறை நீராவி வெளியேறுகிறது. பெட்டிகளைக் கூடுதலாகக் கோத்து வால்வை இன்னும் சற்றுத் திறந்தால் ஒவ்வொரு மூச்சும் கனத்துக் கேட்கிறது. பதிவு செய்த ஒலியில் இந்த முக்கல் கிடையாது.

குறைகளும் உண்டு. அசல் கரி எஞ்சினில், வேலை முடித்து வெளியேறும் நீராவியே காற்றை இழுத்து அடுப்பைக் கிளப்பிவிடும். பாரம் ஏற ஏற நெருப்பும் சீறும். 1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் ஸ்டீவன்சனின் 'ராக்கெட்' எஞ்சின் வென்றதற்கு, கொதிகலனுக்குள் ஓடிய 25 செப்புக் குழாய்களோடு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். எரிவாயுச் சுடருக்கோ பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கரிப்புகையின் நெடியும் கண்ணில் விழும் தூசியும்தான் பழைய ரயில் என்று நினைத்து ஏங்குபவர்களுக்கு இதில் சூடான எண்ணெயின் மணம் மட்டுமே கிடைக்கும்.

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டியவை வேறு. அழுத்தமானியின் முகம் சட்டைப் பொத்தான் அளவே இருப்பதால், ஓடும்போது முள்ளைப் படிக்க முடியவில்லை. தண்ணீர் தீருவதற்கு முன் எரிவாயு தீர்ந்துவிடும்படி இரண்டின் அளவையும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே, தண்ணீர் ஊற்றாமல் எரிவாயுவை மட்டும் மறுபடி நிரப்பினால் கொதிகலன் வறண்டு கெட்டுப்போகும். இவ்வளவு முக்கியமான எச்சரிக்கை, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது.

ஒரு தடவை நிரப்பினால் இருபது நிமிட ஓட்டம். அதற்குப் பிறகு துடைப்பதும் வடிப்பதுமாக ஏறக்குறைய அதே அளவு நேரம் போகிறது. வேல்ஸில் டாலிலின் என்ற பழைய நீராவி ரயில்பாதையை 1951 முதல் நடத்திவரும் தன்னார்வலர்களின் உழைப்பில் எவ்வளவு பங்கு பயணிகளின் கண்ணில் படாமலே போகும் என்பதை, இந்தக் கையளவு எஞ்சினைத் துடைக்கும்போதுதான் ஊகிக்க முடிந்தது. எண்ணெய்க் குடுவைக்குள் புகும் நீராவி குளிர்ந்து அடியில் தங்க, மேலே மிதக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக சிலிண்டருக்குப் போகிறது. ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அந்தத் தண்ணீரை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துப் புது எண்ணெய் விட வேண்டும். ஒருநாள் அதை மறந்துவிட்டேன். மறுநாள் பிஸ்டன் வறட்சியாகக் கிறீச்சிட்ட சத்தத்தைக் கேட்ட பிறகு, ஊசிக்குழாயை எஞ்சின் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.